நீந்து... மிதி... ஓடு!

‘நீச்சல் தெரியுமா?’ன்னு உங்க க்ளாஸ்ல ஒரு ரவுண்டு கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் ‘கடப்பாறை நீச்சல் தெரியும்’னு பல்லைக் காட்டுவாங்க. சிலர், ‘சின்ன வயசுல எங்க ஊர்க் கிணத்துல...’ என்று ஃப்ளாஷ்பேக் ஓட்டுவார்கள். ரெண்டு மூணு பேர்தான் அலட்டிக்காம ‘ம்... தெரியும்’ என்று தலையாட்டுவார்கள். இந்தக் கட்டுரை மூணு கோஷ்டிக்குமே! ஏன்னா, டிரையத்லான் என்ற விளையாட்டில் முதல் தடவை இறங்குறவங்க தலையெழுத்தை எழுதுவது சைக்கிளும் இல்லை, ஷூவும் இல்லை... தண்ணிதான்!

அது என்ன டிரையத்லான்? முதல்ல நீந்தணும். ஈரத்தோட வந்து சைக்கிள் மிதிக்கணும். இறங்கின சூட்டோட ஓடணும். நடுவுல ‘டைம் ப்ளீஸ்’ கிடையாது. நீங்க ஷூ லேஸ் கட்டுற நேரம்கூடக் கணக்குல ஏறும். ஒலிம்பிக்கில் இதுக்கு 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் முதன்முதலா சேர்த்தாங்க. அங்கே ஆண்கள் பிரிவில் தங்கம் வாங்கிய கனடாவின் சைமன் விட்ஃபீல்ட், சைக்கிள் கட்டத்தில் நடந்த ஒரு மோதலில் சிக்கி, எழுந்து, மறுபடி மிதித்து, ஓட்டத்தில் எல்லாரையும் பிடித்துத்தான் ஜெயித்தார்.

இதைக் கேட்டதும் ‘ஆளை விடு சாமி’ என்று பக்கத்தைத் திருப்பிடாதீங்க. உங்களுக்கானது ‘ஸ்பிரின்ட்’ டிரையத்லான். 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரத்தில் கரெக்டா பாதி. சாதாரண உடம்பு, சாதாரண சைக்கிள் என்றால் ரெண்டு மணி நேரம் முன்னப்பின்ன ஆகும். அதாவது, ஒரு சினிமா பார்க்கிற நேரம்கூட இல்லை!

பெட் கட்டி பிறந்த விளையாட்டு

இந்த விளையாட்டின் பூர்வ கதையே ஜாலியானது. 1974 செப்டம்பர் 25. அமெரிக்காவின் சான்டியாகோ நகரத்தில் ஒரு ஓட்டக்காரர்கள் கிளப். தினம் ஓடி ஓடி போரடிச்சுப் போன ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷனஹான்னு ரெண்டு பேர், ‘ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூணையும் ஒண்ணா வெச்சா என்ன?’ன்னு மிஷன் பே கடலோரத்தில் ஒரு சாயங்காலப் போட்டி வைத்தார்கள். 46 பேர் வந்தாங்க. வந்தவங்களில் பலர் ஓடுறதில் புலி, தண்ணியில் பூனை. கடைசி ஆட்கள் நீந்தி முடிப்பதற்குள் இருட்டிவிட, கார் ஹெட்லைட்டைப் போட்டு கரை காட்டினாங்களாம். ஆக, பாஸ்... இந்த விளையாட்டின் முதல் நாளே தண்ணியில் திணறியவர்களோடதான் தொடங்குச்சு. நீங்க ஒண்ணும் புதுசு இல்லை.

அந்தப் போட்டியில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் கலந்துகொண்டார்கள். பிறகு ஹவாய்க்கு மாற்றலாகிப் போனவர், ‘நீச்சல்காரன் கெட்டியா, சைக்கிள்காரன் கெட்டியா, ஓட்டக்காரன் கெட்டியா’ என்ற காரசாரமான வாக்குவாதத்துக்குத் தீர்ப்பாக ஒன்றைச் சொன்னார். அந்தத் தீவில் ஏற்கெனவே தனித்தனியா நடந்துவந்த மூணு பெரிய போட்டிகளை ஒரே நாளில் முடிக்கணும்! 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதுக்கு மேல ஒரு முழு மாரத்தான். அதான் ‘அயர்ன்மேன்’. 1978 பிப்ரவரியில் 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தார்கள். அடுத்த வருஷமே லின் லமேர் என்ற பெண் வந்தார். கூட்டத்தில் ஒரே பெண். மொத்தப் பட்டியலில் அஞ்சாவது!

நமக்குத் தெரிஞ்ச முகம் வேணுமா? ‘பையா’ படத்தில் கார்த்தியை விரட்டிய வில்லன் மிலிந்த் சோமன் ஞாபகம் இருக்கா? 2015ல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் அயர்ன்மேன் முடித்தார். அம்பதாவது பிறந்தநாளுக்குச் சில மாசம் முன்னாடி. எல்லாரும் அவர் தாடியைப் பாராட்டினாங்க, வயசைப் பாராட்டினாங்க. பலர் கவனிக்காத மேட்டர், மாடலாகும் முன்பே அவர் தேசிய அளவில் நீச்சல் சாம்பியன். அங்கதான் இருக்கு விஷயம்.

காசு எங்கே போகுது, பயம் எங்கே இருக்கு?

டிரையத்லான்னு முடிவு பண்ணின உடனே நம்ம பசங்க செய்ற முதல் காரியம், சைக்கிள் கடைக்குப் போறது. கியர் எத்தனை, ஃபிரேம் கார்பனா, அலுமினியமா... அப்பாகிட்ட அப்ளிகேஷன் வேற! என்னைக் கேட்டா, அந்தப் பணத்தில் கால்வாசியை நீச்சல் குளத்தில் கட்டுங்க. சைக்கிளில் களைச்சா இறங்கித் தள்ளலாம். ஓட்டத்தில் களைச்சா நடக்கலாம். தண்ணியில்?

இது சும்மா பயமுறுத்துற பேச்சில்லை. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் ஏற்பட்ட திடீர் மரணங்களையும் மாரடைப்புகளையும் ஆராய்ந்தபோது, மூணில் ரெண்டு பங்கு நீச்சல் கட்டத்தில்தான் நிகழ்ந்திருந்தது. மொத்தப் போட்டியிலும் தூரம் குறைச்சலான கட்டம் அதுதான். நெஞ்சுவலி, திடீர் மயக்கம், குடும்பத்தில் சின்ன வயசிலேயே யாருக்காவது இதயக் கோளாறு என்றால், பேர் கொடுக்கும் முன்னாடி டாக்டரைப் பார்த்துடுங்க. இதில் வீரம் காட்ட ஒண்ணுமில்லை.

இனி, கிணத்து கோஷ்டிக்கு வருவோம். மோட்டார் ரூம் மேல ஏறி ‘தொபுக்கடீர்’னு குதிச்சு வளர்ந்தவங்களுக்கு ஒரு பெரிய சொத்து இருக்கு. ஆழத்தைப் பார்த்து அவங்களுக்குப் பயமே கிடையாது. காலுக்குக் கீழ தரை தெரியலைன்னாலும் கூலா இருப்பாங்க. பிரச்னை எங்கேன்னா, கிணத்து நீச்சலில் தலை எப்பவும் தண்ணிக்கு மேல. தலை மேல போனா இடுப்பு கீழ போகும். உடம்பு சாய்ந்த பலகை மாதிரி தண்ணியைத் தள்ளிக்கிட்டே போகும். கிணத்தோட அகலத்துக்கு அது ஓகே. நூறு மீட்டர் போனா தோள் கழண்டுடும். நீங்க கத்துக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. முகத்தைத் தண்ணிக்குள்ள வெச்சு மூச்சை உள்ளேயே விடணும், பக்கவாட்டில் திரும்பி இழுக்கணும். கேட்க ஈஸி. பழக ரெண்டு மூணு வாரமாவது ஆகும்.

நகரத்து நீச்சல் குள கோஷ்டிக்கு நேர் எதிர் பிரச்னை. ஸ்டைல் பிரமாதமா இருக்கும். ஆனா ஒவ்வொரு 25 மீட்டருக்கும் ஒரு சுவர், தொட்டு ஒரு நொடி இளைப்பாறல், அடியில் நேர்க்கோடு போட்ட நீலத் தரை. இது அத்தனையும் ஏரியிலோ கடலிலோ கிடையாது. கலங்கலான தண்ணி, கையை நீட்டினா கை தெரியாது, பக்கத்தில் நீந்துறவர் கால் உங்க மூஞ்சியில். அங்கே ‘நீச்சல் தெரியும்’ என்பதெல்லாம் பத்து விநாடியில் மறந்துபோகும். மூச்சு மேலயும் கீழயும் வாங்கும். அப்ப என்ன செய்யணும்? மல்லாந்துடுங்க. வானத்தைப் பார்த்து மிதங்க. மூச்சு சீராகும் வரை அப்படியே கிடங்க. தேவைப்பட்டா கையைத் தூக்குங்க. படகில் இருக்கும் உயிர்காப்பாளர்கள் வருவாங்க. நின்னுக்கிட்டிருக்கும் படகையோ மிதவையையோ பிடிச்சு ஓய்வெடுக்க விதி அனுமதிக்குது. அதைப் பிடிச்சு முன்னேறினாத்தான் தப்பு. இந்த மல்லாந்து மிதக்கிற வித்தையை, கை வீசக் கத்துக்கும் முன்பே கத்துக்கங்க. இதுதான் உங்க இன்ஷூரன்ஸ்.

750 மீட்டர் என்பது 25 மீட்டர் குளத்தில் 30 தடவை. 50 மீட்டர் குளத்தில் 15 தடவை. ரெண்டும் ஒரே தூரம்தானேன்னு நினைச்சா, எரிக் முசம்பானியைக் கேளுங்க! அதே சிட்னி ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலுக்கு எக்குவடோரியல் கினியா நாட்டிலிருந்து வந்தவர். சில மாசம் முன்னாடிதான் நீந்தக் கத்துக்கிட்டார், அதுவும் ஒரு ஹோட்டல் குளத்தில். 50 மீட்டர் குளத்தை முதன்முதலா பார்த்ததே ஒலிம்பிக்கில்தான். கடைசி சில மீட்டர்களில் முழுகிடுவாரோன்னு அரங்கமே எழுந்து நின்னுச்சு. 1 நிமிஷம் 52.72 விநாடியில் முடித்தார். நமக்கு இதிலிருந்து தேவைப்படுவது ஒரு கணக்குதான். குட்டிக் குளத்தில் 750 மீட்டர் முடிச்சாச்சுன்னா, அதுவே முழுப் பயிற்சி ஆகிடாது. சுவரைத் தொடாமல் திரும்பிப் பழகுங்க. நாலு கை வீச்சுக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் தூக்கி எதிரே ஒரு இலக்கைப் பாருங்க. இல்லாட்டி 750 மீட்டர் 900 மீட்டர் ஆகிடும், கோணல்மாணலா போயி!

ஒரு ஸ்ட்ரிக்ட் வார்த்தை. ‘ஓபன் வாட்டர் பிராக்டீஸ்’னு சொல்லிக்கிட்டு நாலு பேரா கிளம்பி மெரினாவிலோ, கல்குவாரிக் குட்டையிலோ இறங்குற வேலையே வேணாம். மெரினாவின் அலைக்கு அடியில் திரும்பிப் போகிற நீரோட்டம் ஒலிம்பிக் நீச்சல்காரரையும் இழுக்கும். குவாரித் தண்ணி படிக்கட்டே இல்லாத பள்ளம். ஒவ்வொரு கோடையிலும் பேப்பரில் வருகிற செய்திகளில் பாதி நம்ம வயசுப் பசங்கதான். அனுபவசாலிகளும் படகும் இருக்கிற குழுவோட மட்டும், கலர் தொப்பி போட்டு இறங்குங்க. நீரோட்டம் கரைக்கு எதிரா இழுத்தா, அதை எதிர்த்து மல்லுக்கட்டாம கரைக்கு இணையா பக்கவாட்டில் நீந்தி வெளியே வரணும். இது சும்மா தெரிஞ்சு வெச்சிருக்க. சோதிச்சுப் பார்க்க இல்லை.

தோழிகளுக்குத் தனியா ரெண்டு வார்த்தை

நம்ம ஊரில் பெண்கள் டிரையத்லானுக்கு வராததுக்குக் காரணம் ஸ்டாமினான்னு யாராவது சொன்னா, சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. காரணம், குளத்தோட டைம்டேபிள்! பையன் காலை அஞ்சரைக்கு டவலைத் தோளில் போட்டுட்டுக் கிளம்பிடுவான். உங்களுக்கு ஹாஸ்டல் கேட் திறக்கணும், பெண்கள் பேட்ச் நேரம் காலேஜ் நேரத்தோட இடிக்கக் கூடாது, பயிற்சியாளர் பெண்ணா இருக்கணும்னு வீட்டில் சொல்லுவாங்க, அதுக்கு மேல ‘டிரெஸ் என்ன போடுவ?’ என்ற கேள்வி. நீச்சலுக்கு அவசியம் நைலான், லைக்ரா துணிதான். முட்டி வரை, முழங்கை வரை மூடுகிற உடைகள் கடையில் கிடைக்குது. பருத்தி டி-ஷர்ட் போட்டு இறங்கினால் அது தண்ணியைக் குடிச்சுக் கீழே இழுக்கும். போட்டிக்கு எந்த உடை செல்லும்னு நடத்துறவங்களிடம் முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கங்க.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளங்கள் பல மாவட்டங்களில் இருக்கு. சென்னை வேளச்சேரியில் 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டின பெரிய வளாகமே இருக்கு. தனியா போய் நிக்கிறதைவிட அஞ்சாறு பேர் சேர்ந்து, காலேஜ் பி.டி. மேடத்தோட லெட்டர் வாங்கிட்டுப் போய் ‘எங்களுக்கு ஒரு பேட்ச் வேணும்’னு கேளுங்க. கூட்டமா கேட்டா பதில் வேற மாதிரி வரும். ‘இந்த வயசுலயா நீச்சல்?’னு அத்தை கேட்டா, அமெரிக்காவின் கன்னிகாஸ்திரி மடோனா பியூடரைச் சொல்லுங்க. முதல் டிரையத்லானே 52 வயசில். 2012ல் 82 வயசில் கனடாவில் முழு அயர்ன்மேனை முடித்தார்.

சைக்கிள் இருக்கா? பிரேக் இருக்கா?

சைக்கிளுக்கு அவ்ளோ பில்டப் வேண்டாம். ப்ளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளையே துடைச்சு எடுக்கலாம். கூடை, ஸ்டாண்டு, கேரியர் கழற்றுங்க. செயினுக்கு எண்ணெய். ரெண்டு பிரேக்கும் பிடிக்கணும். ஹேண்டில்பார் ஓட்டை முனைகள் அடைச்சிருக்கணும், இல்லாட்டி செக்கிங்கிலேயே திருப்பிடுவாங்க. குதிகாலை பெடலில் வெச்சா கால் நேரா நீளணும், அதுதான் சீட்டோட சரியான உயரம். நம்மாளுங்க பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வெச்சு முட்டி வலியோட ஓட்டிக்கிட்டிருக்காங்க. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போனாலும் 20 கி.மீ. ஒரு மணி ஏழு நிமிஷத்தில் முடிஞ்சிடும். டியூப் மாத்த மட்டும் கத்துக்கங்க, நடுரோட்டில் பஞ்சர் கடை அண்ணன் வர மாட்டார்.

ஹெல்மெட் விஷயத்தில் விதி கறார். சைக்கிளைத் தொடும் முன்பே ஹெல்மெட் பட்டை ‘க்ளிக்’ ஆகியிருக்கணும். திரும்பி வந்து சைக்கிளை மாட்டி வெச்ச பிறகுதான் அவிழ்க்கணும். காதில் பாட்டு கூடவே கூடாது. முன்னாடி போறவர் முதுகை ஒட்டிப் போய்க் காத்தை மிச்சம் பண்றதுக்கும் நம்ம மாதிரி ஆட்களின் போட்டிகளில் பெரும்பாலும் தடை. எத்தனை மீட்டர் இடைவெளின்னு முதல் நாள் விளக்கக் கூட்டத்தில் சொல்லுவாங்க. அந்தக் கூட்டத்தை கட் அடிக்காதீங்க ப்ளீஸ்!

அடுத்தவன் கால்!

சைக்கிளில் இருந்து இறங்கி ஓட ஆரம்பிச்சதும் ஒரு விசித்திரம் நடக்கும். கால் உங்களுது மாதிரியே இருக்காது. ஜவ்வரிசி கஞ்சி மாதிரி ஒரு ஃபீலிங். முட்டி மடங்கும், வேகம் எவ்ளோன்னே தெரியாது. ஒரு மணி நேரமா வட்டமா சுத்தின தசையை திடீர்னு நேரா தள்ளச் சொன்னா அது என்ன பண்ணும் பாவம்! முதல் ஒரு கிலோமீட்டர் குட்டிக் குட்டி அடியா போனா தானா சரியாகும். இதைப் போட்டி அன்னிக்கு முதன்முதலா அனுபவிச்சா பீதியாகிடும். அதனால வாரத்தில் ஒரு நாள், சைக்கிள் முடிச்ச உடனே பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஓடிப் பழகுங்க.

கொஞ்சமாவது நீந்தத் தெரிஞ்சவங்களுக்கு மொத்தப் பயிற்சிக்கு மூணு மாசம் போதும். வாரம் மூணு நாள் தண்ணி, ரெண்டு நாள் சைக்கிள், ரெண்டு நாள் ஓட்டம். ஒரே நாளில் ரெண்டு வெச்சுக்கிட்டு ஒரு நாள் சுத்தமா ரெஸ்ட். சுத்தமா தெரியாதவங்க ஆறு மாசம் எடுத்துக்கங்க. செமஸ்டர் வரும், போகும். தண்ணிக்கான நாளை மட்டும் விடாதீங்க.

வெயில், நம்ம ஊர் ஸ்பெஷல் வில்லன். ஓட்டம் தொடங்கும்போது மணி எட்டைத் தாண்டியிருக்கும். தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா, தாகத்துக்கு ஏற்ப. ‘நிறையக் குடி’ன்னு லிட்டர் கணக்கில் ஊத்துறதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு இறங்கிடும். உப்புப் போட்ட மோரும் வாழைப்பழமும் பழகின வயித்துக்கு நல்லது. அன்னிக்கு ஃப்ரெண்ட் கொடுத்தான்னு புது எனர்ஜி ஜெல்லை முயற்சி செஞ்சா, மீதி ஓட்டம் டாய்லெட்டைத் தேடித்தான். தலை சுத்தி, பேச்சு குழறி, குளிர் நடுக்கம் மாதிரி வந்தா ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்க. நிழல், ஐஸ், மருத்துவக் குழு. மெடல் அடுத்த வருஷமும் கிடைக்கும்.

போட்டி அன்னிக்கு விடியக்காலையே போய் உங்க சைக்கிள் நிக்கிற இடத்தை ஒரு தடவை நடந்து பார்த்து மனப்பாடம் பண்ணுங்க. ஈரத்தலையோட ஓடி வரும்போது எல்லா சைக்கிளும் ஒண்ணு மாதிரியே தெரியும். பளிச்னு ஒரு கலர் துண்டு விரிங்க. அதுமேல ஹெல்மெட், கண்ணாடி, நம்பர் பெல்ட், ஷூ. ஷூவுக்குள்ள கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினா ஈரக்கால் வழுக்கிக்கிட்டுப் போகும். லேஸுக்குப் பதில் ரெண்டு கடையில் தேடினா எலாஸ்டிக் கயிறு கிடைக்கும். கையில் மார்க்கரால் நம்பர் எழுதுவாங்க, அதுக்கு முன்னாடி எண்ணெய் தடவிடாதீங்க. நீச்சலுக்குக் கூட்டம் நிக்கும்போது முன்வரிசை வேண்டவே வேண்டாம். ஓரமா, கடைசியா நில்லுங்க. எல்லாரும் பாயட்டும். பத்து எண்ணிட்டு இறங்குங்க. உங்களுக்குன்னு சுத்தமா ஒரு தண்ணிப் பாதை கிடைக்கும்.

முடிச்ச பிறகு உட்காராதீங்க, பத்து நிமிஷம் நடங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள நல்லா சாப்பிடுங்க. கையில் எழுதின நம்பர் ரெண்டு மூணு நாளைக்குப் போகாது. முழுக்கை சட்டை போட்டு மறைச்சுடாதீங்க. மறுநாள் உங்க க்ளாஸ் மூணாவது மாடியில் என்றால், பத்து நிமிஷம் முன்னாடியே கிளம்புங்க. கைப்பிடி இருக்கிற பக்கமா ஏறுங்க. ஏறுறதைவிட இறங்குறதுதான் கொடுமையா இருக்கும்!